திரைக்குக் கீழே மஞ்சள் செருப்பு

மதுரையில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவை வருடக்கணக்கில் தனியாளாக நடத்தியவள் நான். சிங்கப்பூருக்கு வந்ததும் என்னை மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். இங்கே மருத்துவர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் படிகள் உண்டு. முதலில் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விடுவார்கள். அடுத்த படியில் மேற்பார்வை மருத்துவர் கூடவே நிற்க, நாம் செய்யலாம். அதற்கும் அடுத்ததில் அவர் திரைக்கு வெளியே நிற்பார். கடைசிப் படியில் அவர் அங்கே இருக்கவே வேண்டாம், கூப்பிட்டால் வந்தால் போதும். அதை எட்டினால்தான் பிரிவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கைக்கு வரும்.

மேற்பார்வை மருத்துவர் திரைக்கு வெளியே நிற்கும் அந்த மூன்றாம் படியிலேயே நான் மாட்டிக்கொண்டேன். என் மேற்பார்வை மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். தமிழர் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் அவருடைய அப்பாவுக்குத் துணிக்கடை. வார்டில் என்னை "டாக்டர்" என்பார், கீழே தேநீர் குடிக்கப் போனால் "அக்கா" என்பார். பேச்சின் முடிவில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சை மஞ்சளில் ரப்பர் செருப்பு போட்டிருப்பார். நான் உள்ளே நோயாளிக்குக் குழாய் போட்டுக்கொண்டிருக்கும்போது, திரைக்குக் கீழே அந்த இரண்டு மஞ்சள் செருப்புகள் மட்டும் தெரியும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் மேலே ஏற்றமாட்டேன் என்கிறீர்கள் என்று ஒருநாள் தேநீர்க் கடையில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அக்கா, உங்க கை சூப்பர் லா. அதுல ஒரு டவுட்டும் இல்ல. ஆனா நீங்க அடுத்து என்ன செய்யப் போறீங்கன்னு அந்த ரூம்ல யாருக்கும் தெரியல. நீங்க ஸ்டக் ஆயிட்டா அவங்க எப்படி ஹெல்ப் பண்ணுவாங்க?"

ஆரம்பிக்கும் முன்பே திட்டத்தை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டுமாம். அது பலிக்காவிட்டால் அடுத்தது என்ன, எங்கே நிறுத்துவேன், யாரைக் கூப்பிடுவேன், எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமாம். வெங்காயம் வதக்கப் போகிறேன், கருகினால் அடுப்பை அணைப்பேன் என்று அறிவித்துவிட்டா சமைக்கிறோம்? மதுரையில் நான் வாயே திறக்காமல் கையை நீட்டுவேன், வேண்டிய கருவி கைக்கு வந்துவிடும். எதிர்த்து ஒரு வார்த்தை யாரும் பேசமாட்டார்கள். அதைத்தான் திறமை என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன்.

அந்த மாதக் கடைசியில், யாரை மேலே ஏற்றுவது என்று முடிவு செய்யும் பயிற்சிக் குழு கூடுவதாக இருந்தது. இந்த முறையும் ஏற்றாவிட்டால் இன்னும் அரை வருடம் அதே படி. அது என்னால் முடியாது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்தேன். கணவர் அதை ஒரு மேசையாக்கிக்கொண்டார். காய்ந்த துணிகளை அதன்மேல் போட்டு மடித்துக்கொண்டிருந்தார்.

குழு கூடுவதற்குச் சில நாள் முன்னால், ஒரு பகல் வேளையில், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர். நுரையீரல் முழுக்கச் சளி. முகமூடி வழியாகக் கொடுத்த ஆக்சிஜன் போதவில்லை. தொண்டைக்குள் குழாய் போட்டே ஆக வேண்டும். குட்டைக் கழுத்து, உள்ளே ஒடுங்கிய தாடை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது லேசில் போகாது.

மேற்பார்வை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொன்னேன். இந்த முறை அவர் கேட்டிருந்தபடியே, என்ன செய்யப்போகிறேன், எந்த இடத்தில் நிறுத்துவேன், எப்போது அவரைக் கூப்பிடுவேன் என்பதையும் சொன்னேன். "சரி, ஆரம்பிங்க" என்று வைத்துவிட்டார். வந்துகொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன்.

அறையில் இருந்தவர்களிடம் அதையே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். இரண்டு முறைதான் முயல்வேன். ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்கு இறங்கினால் நர்ஸ் சத்தமாகச் சொல்ல வேண்டும், நான் எந்த நிலையில் இருந்தாலும் கையை எடுத்துவிடுவேன். இரண்டாவது முறையும் போகாவிட்டால் மேற்பார்வை மருத்துவரைக் கூப்பிட வேண்டும், கழுத்தில் வழி திறக்க வேண்டியிருக்கும், அதற்கான கருவித் தட்டு இப்போதே தயாராக இருக்கட்டும். வேறு யாருக்காவது எதுவும் தோன்றுகிறதா என்றும் கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

படுத்திருந்தவர் என் கையைத் தொட்டார். "என்னங்க டாக்டரம்மா... சொல்றீங்க அவங்ககிட்ட?"

குனிந்து அவர் காதருகே சொன்னேன். "உங்கள தூங்க வச்சு மூச்சுக்குக் குழாய் போடப் போறோம் தம்பி. ஒரு வழி சரிப்படலன்னா இன்னொரு வழி தயாரா இருக்கு. அதத்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"சொல்லிட்டீங்கல்ல... அப்ப சரி" என்று கண்ணை மூடினார். என் வெட்கம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

முதல் முறை உள்ளே பார்த்தபோது நுரையும் வீக்கமும்தான் தெரிந்தது. மூச்சுக்குழல் வாய் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இதோ கிடைத்துவிடும் என்று கை கெஞ்சியது. "நைன்ட்டி, டாக்டர்" என்றார் நர்ஸ். மதுரையாக இருந்தால் ஒரு முறை முறைத்திருப்பேன், அவர் வாயடைத்துப் போயிருப்பார். இங்கே கையை வெளியே எடுத்தேன். முகமூடியை அழுத்தி மூச்சு கொடுத்தோம், எண் மெல்ல ஏறியது. யாரும் பதறவில்லை. அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலையணையை உயர்த்தி, குழாய்க்கு முன்னால் விடும் மெல்லிய வழிகாட்டிக் குச்சியோடு இரண்டாவது முறை போனேன். குச்சி நுழைந்தது, அதன்மேல் குழாயும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மானிட்டரில் மூச்சின் அலை ஒழுங்காக எழுந்தபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

பழக்கதோஷத்தில் திரைக்குக் கீழே பார்த்தேன். வெறும் தரை. செருப்பு இல்லை. இவ்வளவு நேரமும் அந்தப் பக்கம் ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். விறுவிறுவென்று தேடிப்போனேன். வார்டை ஒட்டியிருந்த ஊழியர் சாப்பாட்டு அறையில், மஞ்சள் செருப்பை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வரவே இல்லையே நீங்க?"

"இங்கதானே இருக்கேன் டாக்டர். எங்க நிறுத்துவீங்க, எப்ப கூப்பிடுவீங்க, எல்லாம் ஃபோன்ல சொல்லிட்டீங்க. தேவைன்னா கூப்பிடுவீங்கன்னு தெரியும்." தட்டைக் காட்டினார். "நீங்க இங்க சேர்ந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் சாப்பாட்ட சூடா சாப்பிடறேன் லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது, மறைக்கவில்லை. மருத்துவத்தில் வாங்கிய எந்தப் பதக்கமும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

குழு கூடுவதற்குள் புதுக்கோட்டைத் தம்பிக்குக் குழாயை எடுத்தாயிற்று. கட்டைக் குரலில் அவர் முதலில் கேட்டது தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய இந்த ஊர்த் தேநீர். குழு எனக்குக் கடைசிப் படியைத் தந்தது. அன்று சாயங்காலம் தேக்காவில் மட்டன் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெட்டி கூடத்திலேயே கிடந்தது. மேலேயிருந்த துணிகளை எடுத்து வைத்துவிட்டு, சோபாவில் இருந்த கணவரிடம் உரக்க அறிவித்தேன்.

"இந்தப் பெட்டிய அலமாரி மேல ஏத்தப் போறேன். ரெண்டு தடவ தூக்கிப் பார்ப்பேன். முடியலன்னா உங்களக் கூப்பிடுவேன்."

அவர் எழுந்திருக்கவே இல்லை. "சரி, ஆரம்பி" என்றார்.

முதல் தடவையிலேயே ஏறிவிட்டது.