எல்லம்மாளும் எட்டு வீட்டுத் துரைசாணிகளும்

கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, தென்னந்தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கே எல்லம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். விடிந்ததும் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாகூர் வரை நடந்து விற்றுவிட்டு, உச்சி வெயிலுக்கு முன் வீடு திரும்பி, வந்ததும் முதல் வேலையாகக் கோழிகளை எண்ணுகிறவள். புருஷன் உத்திராபதி கடலிலிருந்து கரை சேர்ந்தானா என்பதை அதற்குப் பிறகுதான் கேட்பாள். இதை அவனே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஆளைப் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஒல்லியான உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல். குரல் மட்டும் நாலு வீடு தாண்டிக் கேட்கும். ஆனால் கத்திரி வெயிலில் கோழியைக் காப்பாற்றுவதில் அவளுக்கு ஈடாக அந்தக் கரையில் ஒருத்தரும் இல்லை. இதில் சந்தேகமே வேண்டாம்.

கத்திரி பிறந்துவிட்டால் குப்பத்து மணலில் கால் வைக்க முடியாது. மற்ற வீட்டுக் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, மத்தியானத்துக்குள் ஒன்றிரண்டு சுருண்டு விழும். எல்லம்மாள் தன் வீட்டுப் புன்னை மரத்தடியில் ஈர மண் தெரிகிற வரை பள்ளம் பறித்து வைப்பாள். கோழிகள் அதில் இறங்கி வயிற்றைப் பதித்துப் படுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே வாய் உடைந்த பானை ஒன்று கழுத்து வரை மண்ணில் புதைந்திருக்கும். அதில் ஊற்றிய தண்ணீர் எந்நேரமும் சில்லென்று இருக்கும். தீனி விடியற்காலையில் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை. நடுவில் ஒரு பருக்கை போட மாட்டாள். “வெயில் நேரத்துல தீனி துன்னா வயித்துக்குள்ள வேற அடுப்பு எரியும்” என்பாள். சாயங்காலம் பழைய சோற்று நீரில் சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு வைப்பாள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோழிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலாவது கோடை வரப்போகிற சமயம். மாசி மாதத்தில் ஒரு நாள், பிளாக் ஆபீஸிலிருந்து கிராம சேவக் மணவாளன் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். வலை உலர்த்துகிற இடத்தில் பெண்களைக் கூட்டி வைத்து, சர்க்கார் வெள்ளைச் சீமைக் கோழி கொடுக்கிறது, நாட்டுக்கோழியைப் போல இரண்டு மடங்கு முட்டையிடும், ஆனால் வெளியே விடாமல் கூண்டில் வைத்துத்தான் வளர்க்க வேண்டும் என்று சொன்னான்.

“வெள்ளைக்காரன் போயி நாலு வருசம் முழுசா ஆவல. அதுக்குள்ள வெள்ளைக்காரி வந்து குந்திக்கினாளா?” என்றாள் வனஜா. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றைக்கே அந்தக் கோழிகளுக்குத் துரைசாணி என்று பெயர் விழுந்துவிட்டது.

சிரித்தார்களே தவிர, வாங்க யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் எல்லம்மாள் எழுந்தாள். “கடலுக்குப் போவாத நாள்ல நம்ம புள்ளைங்க தட்டுல இன்னா வுழுது? ஒரு முட்டையாவது வுழட்டும். வாங்குங்கடி. கத்திரிய நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் ஏழு வீட்டுக்காரிகள் பெயர் கொடுத்தார்கள், எல்லம்மாளோடு எட்டு வீடு. வீட்டுக்கு நாலு பெட்டை. கடைசியாகப் பெயர் கொடுத்தவள் வனஜா. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். வாய்த்துடுக்கு அவளுக்கு அதிகம்தான், ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் அவளால் அந்த இரண்டு வருஷத்தைத் தள்ளியிருக்க முடியாது.

சித்திரை கடைசியில் கத்திரி பிறந்தது. நாட்டுக்கோழிகளாவது நிழல் தேடி ஓடும். கூண்டுக்குள் இருந்த துரைசாணிகள் எங்கே ஓடும்? முதல் நாளே கொண்டை வெளுத்து மூச்சிரைக்க ஆரம்பித்தன. எல்லம்மாள் வீடு வீடாகப் போனாள். மூங்கில் கூண்டின் மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் கோணியைக் கட்டித் தொங்கவிட்டு, அதைக் காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். காற்று அடித்தால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

நனைக்கத் தண்ணீர்? குப்பத்துக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. கோடையில் வீட்டுக்கு நாலு குடம்தான் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் கட்டு. மனுஷன் குடிக்கவே அது பத்தாது.

“அதான் கடல் இருக்குதே! எவ்ளோ வேணா மொண்டு ஊத்துங்க” என்றாள் எல்லம்மாள்.

அவள் சொன்னதில் என்ன குற்றம்? கடலோரத்துக் கோழிகள் முட்டையிலிருந்து வந்த நாள் முதல் அலை ஓரத்தில்தான் மேய்கின்றன. ஒன்றுகூடக் கடல் தண்ணீரில் வாய் வைத்து அவள் பார்த்ததில்லை. எட்டு வீட்டிலும் கோணிகள் நனைந்தன. இரண்டு நாள் துரைசாணிகள் சௌக்கியமாக இருந்தன. பெண்கள் எல்லம்மாளை மெச்சிக்கொண்டார்கள். அவளும் மெச்சிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் மிதப்பாகவே நடந்தாள்.

மூன்றாம் நாள் வனஜா வீட்டில் ஒன்று செத்துக் கிடந்தது. மறுநாள் அடுத்த வீட்டுச் செல்லப்பனின் கூண்டில் இரண்டு. வெயில் ஏறிவிட்டது, இன்னும் நன்றாக நனையுங்கள் என்றாள் எல்லம்மாள். நனைத்தார்கள். ஆறாம் நாளுக்குள் பத்துக் கோழி போய்விட்டது. அதில் வனஜா வீட்டுக் கோழி மட்டும் மூன்று.

கிணற்றடியில் பேச்சு முற்றியது. இனிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, மிச்சத்தையும் நாளைக்கே அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம் என்றார்கள். வாயில்லாத ஜீவன் செத்துக்கொண்டே இருப்பதைப் பார்க்க யாருக்கும் மனசில்லை.

வனஜா குடத்தை ணங்கென்று வைத்தாள். “யக்கா, உன்ன ஒண்ணு கேக்கறேன். எங்க வூட்டுதெல்லாம் சாவுது. உன் வூட்டு நாலும் நல்லாத்தானே குந்தினு இருக்குது? அது இன்னா வித்தை, எங்களுக்கு மட்டும் சொல்லாத வித்தை?”

அந்தக் கேள்வி எல்லம்மாளைச் சுருக்கென்று தைத்தது. ஒளித்து வைக்க அவளிடம் ஒன்றுமில்லை. ஆனால் வனஜா கேட்டதில் நியாயம் இருந்தது. தன் வீட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை, ஏன்? அவளுக்கே தெரியவில்லை.

“நாளைக்கு ஒரு நாள் பொறுங்கடி. அப்பறம் அறுக்கறதுன்னா அறுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் அவள் மீன் விற்கப் போகவில்லை. வெயில் ஏறியதும் வனஜா வீட்டுக் கொல்லையில், மிஞ்சியிருந்த ஒற்றைத் துரைசாணியின் கூண்டுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வாயில் வெற்றிலைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வனஜா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உச்சிப் பொழுதில் கோழி எழுந்து தண்ணீர் வைத்திருந்த தகர டப்பாவிடம் போனது. அலகை விட்டது, உடனே தலையை உதறிக்கொண்டு விலகியது. எல்லம்மாள் டப்பாவில் விரலை விட்டுப் பார்த்தாள். வெயிலில் கிடந்த தகரம், தண்ணீர் கொதித்துக் கிடந்தது. கோழி தள்ளாடிக்கொண்டே மறுபக்கம் போனது. அங்கே நனைந்த கோணியின் ஓரம் மூங்கில் இடுக்கு வழியாக உள்ளே நீட்டிக்கொண்டு சொட்டிக்கொண்டிருந்தது. கோழி ஒரு சொட்டைக் குடித்தது. இன்னொரு சொட்டு. தலையைத் தூக்கித் தூக்கி விழுங்கிக்கொண்டே இருந்தது. தாகம் தீரவில்லை. எப்படித் தீரும்?

எல்லம்மாள் கையை விட்டுக் கோழியைப் பிடித்து வெளியே எடுத்தாள். அலகு ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு. பிறந்ததிலிருந்து கருவாட்டுக்கு உப்பு வைக்கிறவள் அவள். உப்பு உள்ளே போனால் ஈரத்தை எப்படி உறிஞ்சும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டுத் துரைசாணிகளின் கூண்டு புன்னையடியில் அந்தப் புதைத்த பானையின் மேலேயே கவிழ்த்திருந்தது, பானையில் சில்லென்ற நல்ல தண்ணீர் இருந்தது, அவை கோணியைத் தேடவில்லை. அவ்வளவுதான் வித்தை.

பத்துக் கோழியையும் கொன்றது வெயில் இல்லை. அவளுடைய வாய்.

வீட்டுக்கு வந்து உத்திராபதியிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அவன் கிழிந்த வலையை ஒக்கிட்டுக்கொண்டே கேட்டான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“இத பாரு. ஊரே வெயில்ல செத்துச்சின்னு சொல்லுது. நீயா வாயக் குடுத்து ஏன் மாட்டிக்கிற? கோணிய மட்டும் நைசா அவுத்துடு. காத்து வரலன்னு சொல்லிக்க.”

கெட்டவன் இல்லை உத்திராபதி. பெண்டாட்டி நாலு பேர் முன்னால் தலை குனியக் கூடாது என்ற ஆசைதான். எல்லம்மாளுக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கத்திரிய நான் பாத்துக்கறேன் என்று மார்தட்டியவள் அல்லவா?

“இன்னாய்யா பேசற? காரணத்தச் சொல்லலன்னா வர வருசம் எவளாவது மறுபடி கடல் தண்ணிய மொண்டாந்து ஊத்துவா. மறுபடி சாவும்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வெயிலில் மணலில் எல்லம்மாள் ஓடியதைக் குப்பமே பார்த்தது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நுழைந்து கோணியைப் பிய்த்து எறிந்தாள். “நான் சொன்னது தப்புடி! கடல் தண்ணி ஆவாது! கோழி அதக் குடிச்சிதான் செத்துச்சி! வெயில் இல்ல, நான்தான்!” அந்தக் குரலுக்கு நாலு வீடு என்ன, எட்டு வீடும் வாசலுக்கு வந்தது. செல்லப்பன் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். எல்லம்மாள் நின்று கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்து, “பானை இருக்குதா? எடுத்துக்கினு வா, பொதைக்கலாம்” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் ஏழு கொல்லையில் ஏழு பானை புதைந்தது. கூண்டுகளை நிழலுக்கு நகர்த்திப் பானையின் மேல் கவிழ்த்தார்கள். பானைகளுக்கு முதல் தண்ணீர் எல்லம்மாளின் பங்கு நாலு குடம். அன்று அவள் வீட்டில் உலை வைக்கவில்லை. உத்திராபதி இளநீர் வெட்டிக் குடித்துவிட்டுப் படுத்தான். கோணியை நனைக்க அன்று முதல் பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் என்று ஒரு சொட்டு வீணாக்காமல் சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு கோழி செத்தது, முன்பே உப்பேறிப் போனது. மிச்சம் இருபத்தொன்றும் கத்திரியைத் தாண்டின. கத்திரி கழிந்த அன்று எல்லம்மாள் தன் கூண்டிலிருந்து மூன்று துரைசாணிகளைத் தூக்கிக்கொண்டு வனஜா வீட்டுக்குப் போனாள்.

“மூணு செத்துச்சி இல்ல? இந்தா, இது உன்னுது.”

வனஜா இரண்டை வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். “உனக்கு ரெண்டாவது இருக்கட்டும் யக்கா. ஒண்டியா குந்தினு இருந்தா முட்டை வைக்காது” என்றாள்.

அடுத்த மாசியில் மணவாளன் மறுபடியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். இன்னும் இருபது வீட்டுக்குக் கோழி வந்திருக்கிறது, யார் யார் வாங்குகிறீர்கள் என்று கேட்டான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லம்மாள் கூட்டத்தின் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை எழுந்து பேசும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

“எல்லம்மா யக்கா இன்னா சொல்லுதோ அதுதான்” என்றாள் வனஜா.

மணவாளனுக்கு ஆச்சரியம். “போன வருஷம் அவங்க பேச்சைக் கேட்டுத்தானே உங்க வீட்டுல மூணு செத்துது?”

“ஆமா சார். மூணு செத்துது” என்றாள் வனஜா. “நான் சொன்னதுதான் தப்புன்னு வேகாத வெயில்ல ஓடியாந்து சொன்னதும் அதுதான். எங்க வூட்டுக்காரர் போன நாள்லேர்ந்து எத்தினியோ பேரு எனக்கு புத்தி சொன்னாங்க. தப்பாப் போனப்ப ஒருத்தர்னா திரும்பி வந்தாங்களா?”

எல்லம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, தொண்டையைக் கனைத்து, பழைய குரலில் சொன்னாள்:

“மொதல்ல பானையப் பொதைங்கடி. அப்பறம் பேரு குடுங்க.”