ஈர்க்குச் சூரியன்

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தபோது, அம்பிட்டியவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு நீளக் கதிரையும் ஒரு மாதா படமும் மட்டுமே இருந்தன. மற்றதெல்லாம் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா டவுனில் ஒரு பல் டாக்டரிடம் நோயாளிகளுக்கு நம்பர் எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தார். அங்கே மட்டை கிழிந்துபோன கட்டலொக் ஒன்றைக் குப்பையில் போடப் போனார்கள். அம்மா அதைக் கேட்டு வாங்கி வந்தார். கொழும்பில் வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் பெரிய கடை ஒன்றினுடையது. அதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரு சூரியன். நடுவில் வட்டக் கண்ணாடி, சுற்றிலும் தங்கக் கதிர்கள். கீழே போட்டிருந்த விலையைக் கடையின் டெலிபோன் நம்பர் என்று நினைத்தார் அப்பா.

"இத நம்மளே செஞ்சிரலாம்ங்க" என்றார் அம்மா.

அப்பா ஹார்ட்போர்ட் வாங்கி வந்தார்.

அம்மா ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார். மெத்தை உறைக்குப் பக்கத்தில் 'பழைய பட்டுச் சேலை'. பூச்சாடிக்குப் பக்கத்தில் 'ஜேம் போத்தல், சணல் கயிறு'. தொங்கும் உருண்டை விளக்குக்குப் பக்கத்தில் 'பலூன், நூல், பசை, காய்ந்ததும் பலூனை உடைக்கவும்'. சூரியனுக்குப் பக்கத்தில் 'ஈர்க்கு'. அதற்காகப் புது விளக்குமாறு ஒன்று பிரிக்கப்பட்டது. ஒரே நீளத்தில் ஈர்க்குகளை வெட்டிக் கொடுப்பது என் வேலை. அக்கா ஒட்டினாள். அம்மா தங்க நிற பெயின்டை அடித்தார். கடைசியாக நடுவில் கண்ணாடியை ஒட்டியது சனிக்கிழமை பின்நேரம். அன்று மழை விடவே இல்லை. ஈரக் காற்றில் ஒட்டிய கம் காயவில்லை.

"யாரும் கிட்ட போகாதீங்க" என்றார் அம்மா.

நான் போனேன். அதில் என் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கத்தான் போனேன். விரலை வைத்ததும் கண்ணாடி ஒரு நகத்தளவு நகர்ந்தது. பழைய இடத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். போனது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது. சொல்லலாம் என்று குசினிக்குப் போனால், நாளைக்காகச் சுருட்டிய ரோல்ஸ் உடைந்துபோனதற்காக அம்மா அக்காவை ஏசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா சூரியனை ஆணியில் மாட்டினார், நீளக் கதிரைக்கு நேர் மேலே. "நல்லா புடிச்சிருச்சு" என்றார்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மாப்பிள்ளையின் அம்மா உயரமானவர். கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு சரியாக அந்தக் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன் அதை நிமிர்ந்து பார்த்து, "அழகா இருக்கு. எங்க எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"கொழும்புல" என்றார் அம்மா. கட்டலொக் கொழும்பிலிருந்து வந்தது என்பது உண்மைதான்.

நான் எதிரே கதவோரம் நின்றேன். காலையில் அந்தக் கண்ணாடியில் யன்னல் முழுதாகத் தெரிந்தது. இப்போது கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. கண்ணாடி கீழே நழுவிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் மழையைப் பற்றியும், பல்லேகலயில் மாப்பிள்ளை பார்க்கும் வேலையைப் பற்றியும் பேசினார்கள். அக்கா குனிந்த தலையோடு வந்து உட்கார்ந்தாள். யன்னலின் கீழ்க்கம்பி ஒன்றுதான் இப்போது தெரிந்தது. அம்மாவின் கையை இழுத்தேன். அம்மா சிரித்த முகம் மாறாமல் என் விரலைக் கிள்ளினார். மாப்பிள்ளையின் அம்மா பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

தட்டில் தேத்தண்ணி இருந்தது. ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அவருடைய மடியில் ஊற்றினேன். தடுக்கி விழுந்தது போலக் காட்ட நினைத்தேன். ஆனால் நேராக நடந்து போய்த்தான் ஊற்றினேன் என்று அக்கா பிறகு சொன்னாள்.

அவர் பையோடு துள்ளி எழுந்தார். நல்லவேளை, தேத்தண்ணி ஆறியிருந்தது. அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"பரவாயில்லங்க, சின்னப்புள்ள தானே" என்றார் அவர். "தண்ணி இருக்கிற எடத்தக் காட்டும்மா."

நான்தான் அவரைத் தண்ணி வாளி இருந்த பின்னறைக்குக் கூட்டிப்போனேன். வெளி ஆட்கள் வரவே மாட்டார்கள் என்று நம்பி அம்மா எல்லாவற்றையும் அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார். தங்க நிறம் சிந்திய பத்திரிகைத் தாள்கள், மிச்ச ஈர்க்குகள், கோணலாகிப்போன இரண்டு நூல் உருண்டைகள், கட்டில் மேல் விரித்தபடி கட்டலொக். அவர் சேலையைத் துடைத்துக்கொண்டே அதைக் கையில் எடுத்தார். ஓரங்களில் இருந்த பென்சில் எழுத்தை வாய்க்குள் வாசித்தார். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்தது. நான் வாசலில் நின்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

உருண்டை விளக்கு இருந்த பக்கத்தில் அவர் நிறுத்தினார். முன்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சத்தம் வராமல் அந்தப் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத, என்ன?"

நான் தலையாட்டினேன். அவர் திரும்பிப் போய் அதே கதிரையில், நல்லவேளையாக ஓரமாக, உட்கார்ந்து கேக் சாப்பிட்டார். அவர்களுடைய வேன் சந்தி திரும்பியதும் அம்மா எனக்கு ஓர் அறை வைத்தார். கண்ணாடி விழப் போனது என்று அழுதேன். அப்பா எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி அவர் கையோடு வந்துவிட்டது. அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கம் போன கதையை நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே போலி என்று காட்ட மாப்பிள்ளையின் அம்மா சாட்சி கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து அந்தத் தாளைக் கைக்குக் கை மாற்றிச் சிரிப்பது போல் தோன்றிக்கொண்டே இருந்தது. பாடசாலையிலும் அதே நினைப்பு. டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் கக்கூசுக்குள் ஓடினேன். நாலாம் நாள் அவரே பேசினார். அவர்களுக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்க எங்களை வரச் சொன்னார். ஆனால் வீட்டில் கொஞ்சம் வேலை கிடக்கிறது, இரண்டு கிழமை கழித்து வந்தால் நல்லது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். நான் மட்டும், சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காக இரண்டு கிழமை கேட்கிறார் என்று பயந்துகொண்டிருந்தேன்.