ஸ்டெல்லாவின் பாயிண்ட்

உடம்பு தேறியதற்காக ஒரு பெண் கவலைப்படலாமா?

இன்று செகந்திராபாத்தில் தோள்வலிக்காக பிசியோதெரபிக்குப் போயிருந்தேன். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் ஸ்டெல்லாவும் வந்திருந்தாள். முதுகுத்தண்டில் அடிபட்டவள், மாநில அணியில் வீல்சேர் கூடைப்பந்து ஆடுகிறாள். இப்போது சாய்மானம் இல்லாமலே உட்கார்கிறாள் என்று தெரபிஸ்ட் அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினோம்.

"நக்கோ ஆன்ட்டி, வேணாம், தட்டாதீங்க," என்றாள்.

பிறகு விளக்கினாள். உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறதோ அதற்கேற்ப ஒவ்வொருத்திக்கும் பாயிண்ட் உண்டு. களத்தில் ஆடும் ஐந்து பேரின் மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. இவளுக்கு ஒரு பாயிண்ட்தான்; இவள் இருந்தால் அதிக பாயிண்ட் உள்ளவர்களையும் சேர்க்க முடியும், அதனால்தான் அணியில் இடம். அது இரண்டானால், இவளைவிட நன்றாக ஆடுகிற இரண்டு பாயிண்ட்காரிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

"நாளைக்குப் பாயிண்ட் போடறவங்க மறுபடி சோதிக்கிறாங்க. கொஞ்சம் சரிஞ்சு உட்கார்ந்தா யாருக்குத் தெரியும்?"

"அது பொய் இல்லையா?"

"போன மாசம் வரைக்கும் நிஜம்தானே ஆன்ட்டி!"

எது நியாயம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கைதட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

மறுநாள் சேர்த்தது: சரிந்துதான் உட்கார்ந்தாளாம். சோதித்தவர் பந்தைப் பக்கவாட்டில் வீசியிருக்கிறார். இவள் எட்டிச் சாய்ந்து பிடித்து, நிமிர்ந்தும்விட்டாள்.

"பந்து வந்தா எப்படி ஆன்ட்டி விடறது?" என்று போனில் கேட்டாள்.

இரண்டு பாயிண்ட் கொடுத்திருக்கிறார்கள். அணியில் அவள் இல்லை.