பெயர் பொறிக்காத பதக்கம்

என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அந்தப் பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்ப்பாள். கனடாவில் மொன்றியலுக்கு வந்து நாற்பத்திரண்டு வருஷம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி என்றால் இரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு தேய்ப்பு. அவளுடைய முன்னோர் ஒருவர் கம்பெனிப் படையில் சிப்பாயாக மைசூரோடு சண்டை போட்டு வாங்கிய பதக்கம் அது.

எங்கள் பகுதி நூலகத்தில் சாதாரணச் சிப்பாய்களின் பதக்கங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள் என்றதும் கொடுக்கச் சம்மதித்தாள். அட்டையில் அவர் பெயர் வரும் என்று திருச்சியில் இருக்கும் அண்ணனிடம் சொல்லியும் விட்டாள்.

போன வாரம் கொண்டுபோனோம். பொறுப்பாளர் ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியை. பெயர் விளிம்பில்தான் இருக்குமாம். பூதக்கண்ணாடியை வைத்து மூன்று சுற்றுப் பார்த்தார். மனைவி என் கையைப் பிடித்தாள். புளி தின்றுவிட்டது என்று இருவருமே நினைத்தோம்.

அப்படியில்லை என்றார் அவர். கம்பெனி தன் சிப்பாய்களுக்கு முதன்முதலில் கொடுத்த பதக்கங்களில் பெயரே கிடையாது. மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியதோடு சரி. விளிம்பில் பெயர் பொறிக்கும் வழக்கம் பின்னால்தான் வந்தது. ஆகவே அட்டையில் 'பெயர் தெரியாத சிப்பாய்' என்றுதான் போட முடியும். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார்: சிப்பாயில் தொடங்கி இவள் அப்பா வரை யாரும் விடுபடாமல் சொல்ல முடிந்தால், 'குடும்பம் சொல்கிறபடி' என்று பெயரைப் போடலாம்.

மொத்தம் ஏழு பேர் என்றாள் மனைவி. அண்ணன் சொன்ன கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தமிழ் தெரியாத பேராசிரியை என் பக்கம் திரும்பி, ஏழும் வந்ததா என்று கேட்டார்.

மேஜைக்கு அடியில் நான் மடக்கியிருந்தது ஆறு விரல். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். நிதானமாகச் சொன்னாள். மறுபடியும் ஆறு.

"ஒண்ணு குறையுது," என்றேன்.

"அது உங்களுக்குத்தான் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியாது," என்றாள் தாழ்ந்த குரலில்.

பேராசிரியை பென்சிலோடு காத்திருந்தார். ஆறு என்று சொல்லிவிட்டேன்.

பெயரில்லாமல் வைக்கமாட்டேன் என்று பதக்கத்தை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்து அண்ணனை அழைத்தாள். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஆறாவது விரலோடு நின்றது.

"யோசிச்சுச் சொல்லுண்ணா. நான் லைன்லயே இருக்கேன்," என்றாள்.