மணல் அக்காவின் பதினைந்து நிமிடம்

என் தாடியை எடுக்க வைத்தவர் மணல் அக்கா. கல்யாணத்தன்றுகூட எடுக்காத தாடி அது. "முகமூடி முகத்தோட ஒட்டணும்ப்பா. முடி இருந்தா இடுக்குல புகை வந்துடும். தாடி வேணுமா, மூச்சு வேணுமா?" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு சவரம், கூடவே அவருக்கு மனதுக்குள் ஒரு வசவு.

எங்கள் பட்டறையில் பித்தளைச் சாமான்களை அமிலத்தில் முக்கிப் பளபளப்பாக்குவோம். அக்காவுக்கு ஸ்டோர் பொறுப்பு. எண்ணெய் சிந்தினால் மரத்தூள் கொட்டிப் பழகியவர்கள் நாங்கள். எது சிந்தினாலும் கை தானாக அங்கேதான் போகும். அவர் வந்த வாரமே அமில அறையிலிருந்த மரத்தூள் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு மணல் வாளிகளை வைத்தார். "நைட்ரிக் ஆசிட்ல மரத்தூளைப் போட்டா விஷப் புகை வரும், தீயும் பிடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நாங்கள் சிரித்து, 'மணல் அக்கா' என்று பட்டப்பெயர் வைத்தோம். பின்வாசலுக்கு வெளியே ஒரு ஷவர் போட்டு, எதிரே கடிகாரமும் மாட்டினார். மேலே அமிலம் பட்டால் அதன் அடியில் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். பதினான்கு போதாது.

போன மாதம் ஒரு காலையில் தள்ளுவண்டியிலிருந்து அமிலக் கேன் விழுந்து உடைந்தது. வண்டியைத் தள்ளியவர் அக்காவின் சொந்தத் தம்பி. நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். மணல் வாளி ஐந்தடி தூரத்தில் இருந்தது. எங்கள் மேஸ்திரியோ கடைசல் இயந்திரங்கள் இருக்கும் பக்கம் ஓடிப்போய் மரத்தூள் மூட்டையை இழுத்து வந்து கவிழ்த்தார். இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் எங்கே போனதோ! பழுப்பாகப் புகை குபுகுபுவென்று கிளம்பியது.

"மூட்டையை விடுங்க! எல்லாரும் வெளிய!" அக்காவின் குரல்தான்.

புகை வராத பக்கமாக எங்களை நிறுத்தித் தலை எண்ணினார். இருபத்துமூன்று பேர் இருக்க வேண்டும், இருபத்திரண்டு பேர்தான் இருந்தோம். மறுபடியும் எண்ணினார். தம்பியைக் காணவில்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கதவு இருபதடியில் இருந்தது. உள்ளே ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். ஓடவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட ஒருவரை ஏவினார். இருமிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் காட்டி, "இப்ப நல்லா இருக்குன்னு சொல்லுவாரு, நம்பாதீங்க. இந்தப் புகை வேலையைக் காட்ட நேரமாகும். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். தனியாக ஒருவர் உள்ளே போகக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். காற்று சிலிண்டரோடு சேர்ந்த முகமூடி இரண்டே இரண்டு. இரண்டாவது என்னுடையது.

"மூச்சை இழு. கன்னத்துல காத்து படுதா?"

"இல்லக்கா. போலாம் வாங்க!"

"இன்னொரு தடவை இழு."

என் முகமூடிப் பட்டையை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். ஒரு கொக்கியைக்கூட விடவில்லை. உள்ளே கிடப்பது தன் தம்பியாக இருக்கலாம் என்று தெரிந்தும் அவசரப்படாத ஒருவரை அன்றுதான் பார்த்தேன். உண்மையில் பயந்து துடித்தது நான்தான்.

உள்ளே தரையில் யாரும் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. வெளியே நாலு பக்கமும் சுவர் எழுப்பிய சின்ன முற்றம். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் புகை அங்கே எட்டவில்லை. ஷவருக்கு அடியில் தம்பி சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். இடது கை சிவந்திருந்தது. கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

"கத்திக் கத்திப் பார்த்தேன், யாருக்கும் கேக்கல. இன்னும் மூணு நிமிஷம் இருக்குக்கா" என்றார்.

"கண்ணுல பட்டுச்சா?"

"இல்ல, கைதான்."

"அப்ப நில்லு. முடிச்சிட்டு வா."

சொல்லிவிட்டு அக்கா ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார். முகமூடிக்குள் அவர் விம்முவது எனக்குக் கேட்டது. அதற்குள் சுவருக்கு மேலே ஒரு தீயணைப்புக்காரர் தலை தெரிந்தது. ஏணியை இறக்கிவிட்டு, "சீக்கிரம் ஏறுங்க!" என்று கத்தினார்.

அக்கா அழுதுகொண்டே கையை உயர்த்தினார்.

"இருங்க சார். இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி."