தோணி நேராகப் போன நாள்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் புதுச்சேரி போய்விட்டு, மரக்காணம் வழியாகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பக்கிங்காம் கால்வாய் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

"என்ன மேடம், தலை சுத்துதா?" என்றார் டிரைவர்.

"இல்லைங்க. இந்தக் கால்வாயில நான் தோணி தள்ளியிருக்கேன்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நரைத்த தலை, முழங்காலில் பெல்ட்... "மோட்டார் வெச்சதா மேடம்?" என்று கேட்டார். பாவம், மரியாதைக்குக் கேட்டார்.

மோட்டாராவது! ஒரு மூங்கில் கழி. அவ்வளவுதான்.

இத்தனை வருஷமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ரேஷன் கடை, மிக்ஸி, மூட்டுவலி என்று எதையெதையோ எழுதிவிட்டேன். இதை மட்டும் எழுதவில்லை. ஏன்? சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நான் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எஞ்சின் சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கோலியனூர்க்காரர் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பெயர் ராமலிங்கம். அவர் இருந்தவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை – அந்தக் காலத்து வழக்கம். இப்போது எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது.

அவர் ஓராசிரியர் பள்ளி வாத்தியார். திண்டிவனம் தாலுகாவின் கிழக்குக் கோடியில், கால்வாய்க் கரையில் ஒரு சின்ன ஊர். பாதிப் பேருக்கு உப்பளத்தில் வேலை, மீதிப் பேர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர்கள். மரக்காணத்துக்கு ஏழு மைல். மழைக்காலத்தில் வண்டிப்பாதை தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம் கால்வாய்தான் ரோடு. ஊரில் அதை 'ஆறு' என்றுதான் சொல்வார்கள்.

கோட்டக்குப்பத்துக் காதர் பாய்க்கு அங்கே உப்பளம் இருந்தது. அவருடைய பழைய தோணி ஒன்று கரையில் கவிழ்ந்து கிடந்தது.

"எடுத்துக்குங்க சார். சும்மா கெடந்து வெயில்ல வெடிச்சிக்கினு கீது" என்றார்.

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கழியும் கையுமாக ஏறி நின்றார். தோணி ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. அப்புறம் கழி சேற்றில் மாட்டிக்கொள்ள, இவர் கழியை விடாமல் பிடித்துக்கொள்ள, தோணி மட்டும் கிளம்பிப் போனது. கழியைக் கட்டிக்கொண்டு மெதுவாகத் தண்ணீரில் இறங்கினார் மனுஷர். கரையில் நின்ற நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

எங்களுக்குத் தொழில் சொல்லித் தந்தது அஞ்சலை. உப்பளத்தில் வேலை செய்தவள், என் வயதுதான். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

"தண்ணியக் குத்தாதீங்கக்கா. தரையில ஊனுங்க. ஊனிக்கினு மெதுவா சாயுங்க... அவ்ளோதான். தோணி தானா போவும்."

தானாகவா போனது? பத்து நாள் ஆனது எனக்கு. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நான் தள்ளினால் தோணி கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், அப்புறம் மூக்கைத் திருப்பிக்கொண்டு கரைப் பக்கம் ஓடும். அவருக்கு அதுவும் வரவில்லை. கடைசிவரை வட்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். எங்கே போவோம்? எங்கேயும் இல்லை. தாழம்புதர் வரை போவது, வறுத்த மல்லாட்டையைக் கொறிப்பது, திரும்பி வருவது. உப்பு ஏற்றிய பெரிய படகுகள் மெட்ராஸுக்குப் போகும். அதில் இருப்பவர்கள் ஒரு பொம்பளை கழி தள்ளுவதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். இவர் எழுந்து நின்று அவர்களுக்கு வணக்கம் போடுவார்! தோணி ஆடும். நான் கத்துவேன்.

ஒருமுறை கோலியனூரிலிருந்து வந்த மாமியார் இதைப் பார்த்துவிட்டார். "ஊருக்கு முன்னாடி ஆத்துல இன்னா கூத்து இது? கண்ணு பட்டுடப் போவுது" என்றார். இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டாவது மழைக்காலம். கார்த்திகையில் புயல் அடித்தது. மூன்று நாள் மழை. முதல் நாளே அவருக்கு வயிற்றுவலி. வாயு என்றார். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டாம் நாள் வலி வலப்பக்கமாக இறங்கியது. நாட்டு வைத்தியர் கஷாயம் கொடுத்தார். நாலாம் நாள் விடிந்தபோது மழை நின்றிருந்தது. அவருக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வயிறு பலகை மாதிரி இருந்தது.

ஊரில் ஆண்கள் பாதிப் பேர் உடைந்த ஏரிக்கரையை அடைக்கப் போயிருந்தார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கூட்டி வர யாருக்கு நேரம்? அஞ்சலை ஓடி வந்தாள்.

"ஏறுங்கக்கா. நாம தள்ளிக்கினு போயிடலாம். பாதி நானு, பாதி நீங்க."

வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து அவரைப் படுக்கவைத்தோம். புயல் கடந்த பிறகு காற்று திசை மாறித் தெற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் போக வேண்டியதும் தெற்கே. எதிர்காற்று. முதலில் அஞ்சலை தள்ளினாள். ஒரு மணி நேரத்தில் அவள் களைத்துப் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் கழியை வாங்கினேன்.

முதலில் பயம்தான். கழியை ஊன்றினேன், சாய்ந்தேன், எடுத்தேன். ஊன்றினேன், சாய்ந்தேன், எடுத்தேன். மூச்சுக்கும் கழிக்கும் ஒரு கணக்கு வந்துவிட்டது. தோணியின் மூக்கு திரும்பவே இல்லை. கோடு கிழித்த மாதிரி, நடுத்தண்ணீரில், எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு அது பாட்டுக்குப் போனது. அத்தனை நாளாக வராதது அன்றைக்கு வந்தது.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"நேரா போவுது, சரோஜா" என்றார்.

"பேசாம படுங்க."

"இல்ல... நேரா போவுது பாரேன்."

இதைத்தான் நான் இத்தனை காலம் எழுதவில்லை. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்! புருஷன் காலடியில் முனகிக்கொண்டு கிடக்கிறார். ஆனால் மழை கழுவிய ஆகாயம், வழுவழுவென்று ஓடும் தோணி, என் பேச்சைக் கேட்கும் கழி... என் உடம்பு முழுக்க ஒரு குதூகலம். சிரித்துக்கூட இருப்பேன்.

மரக்காணத்தில் ஓர் உப்பு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி. குடல்வால் வெடித்து விஷம் பரவிவிட்டது என்றார்கள். அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். இருபத்தெட்டு வயது.

காரியம் முடிகிறவரை மாமியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எனக்குத்தான் என் கணக்கு தெரியுமே! அவர் செத்துக்கொண்டிருந்தார், நான் ஆற்றில் ஆனந்தப்பட்டேன். இதை யாரிடம் சொல்வது? அப்பாவிடமா? விழுப்புரத்துக்கே திரும்பி வந்து, எஞ்சின் சத்தம் கேட்டும் தூங்காமல் கிடந்தேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் அஞ்சலை குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். பஸ் மாறி, வழி கேட்டு, தனியாக வந்திருந்தாள். பிள்ளை உண்டாகியிருந்தாள்.

"எப்டி கீறீங்கன்னு பாத்துக்கினு போலாம்னு வந்தேங்க்கா."

சாப்பிட வைத்தேன். அவள் கை கழுவி உட்கார்ந்ததும், ஏனோ, அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தோணியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது அஞ்சலை, நான் மனுஷியே இல்லை, என்று.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்க்கா. நான்தான் எதிர்ல குந்திக்கினு பாத்துக்கினு இருந்தேனே. பாதி தூரத்துல திரும்ப என் மொற வந்துது. கழிய வாங்கலாம்னு எழுந்தேன். வாத்தியாரு வேணாம்னு கைய அசைச்சாரு."

"ஏன்?"

"அவரு ஒங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாருக்கா. குனிஞ்சி வலிக்குதான்னு கேட்டேன், காத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது. 'வலிக்குது, ஆனா அவள தள்ள விடு'ன்னாரு."

நான் எழுந்து சமையல்கட்டுக்குள் போனேன். அஞ்சலை பின்னாலேயே வந்தாள். நான் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் நின்றாள்.

துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் என்னிடம் "அழாதே" என்றார்கள். சிரித்தது தப்பில்லை என்று தெரியவைத்தவள், பஸ் ஏறி வந்த அஞ்சலை ஒருத்திதான்.