போணிக்குக் காத்திருந்த பிள்ளை

என் மகனுக்குக் குழந்தை டாக்டர் தேடியது நானல்ல, அவன் அப்பாவும் அல்ல. கடைதான் தேடியது.

பதுளை பஜாரில் என் கணவர் வீட்டாருக்குப் பாத்திரக் கடை. கீழே கடை, மேலே வீடு. கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், கல்லாவில் உட்கார்ந்தபடியே இரண்டையும் ஆண்டாள். காலையில் முதல் வியாபாரம், அதாவது போணி, ராசியான கையால் நடக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ராசியில்லாதவர் என்று அவள் முடிவு கட்டிய ஒருவர் முதலில் வந்து நின்றால், கேட்ட சாமான் கண்ணெதிரே தொங்கினாலும் "இல்லைங்க, முடிஞ்சிருச்சு" என்று அனுப்பிவிடுவாள். அதே சட்டத்தை என் பிள்ளைக்கும் போட்டாள். தலைப்பிள்ளையை முதலில் தொட்டுப் பார்க்கிற டாக்டர் கைராசிக்காரராக இருக்க வேண்டுமாம். அவள் பிள்ளைகளைப் பார்த்த டாக்டர்தான் அந்தக் கைராசிக்காரர். அவர் இந்தியாவுக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வருகிறார், முதல் நம்பர் எடுத்தாச்சு என்றாள்.

"இவன் ஆஸ்பத்திரியிலதானே மதினி பொறந்தான். அங்க டாக்டருங்க தொட்டுப் பாத்துட்டாங்களே," என்றேன்.

"அது அரசாங்கத்துல சும்மா பாக்குறது. காசு கைமாறாம எப்புடி போணியாகும்?"

வயிற்றில் தையல் இருந்தது. இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே பிள்ளை மஞ்சளித்துப்போனான். முகத்தில் தொடங்கி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கியது. மதினிக்கு அதில் ஏக சந்தோஷம். "நம்ம பக்கத்து நெறம். நல்லவேளை, லயத்து நெறம் வரல," என்றாள். நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்தவள். படித்து டீச்சரானதெல்லாம் அந்த வீட்டில் எடுபடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள், பாவி.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் பிள்ளையின் நெஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, விட்டால் மூளைக்கு ஏறிவிடும் என்று சிங்களத்தில் சொன்னாள். மதினி அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவைத்தாள். மிஸ் தெருவில் இறங்கியதும், "நாளான்னைக்கு வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் வெயில்ல காட்டு, எறங்கிரும்," என்றாள். பதுளையில் அந்த வாரம் முழுக்க மழை.

மறுநாள் காலை பிள்ளை பால் குடிக்கவில்லை. எழுப்பினாலும் கண்ணைத் திறக்காமல் துவண்டு கிடந்தான். அவனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினேன். தெருவுக்குப் போக வேறு வழியில்லை, கடைக்குள்ளேதான் போக வேண்டும். அப்போதுதான் கடை திறந்திருந்தார்கள். போணி ஆகவில்லை. மதினி கையை விரித்து மறித்தாள்.

"தீட்டோட கடைக்குள்ள கால வைக்காத."

கணவர் அங்கேதான் நின்றார். "ஏங்க, புள்ளையப் பாருங்க. முழிக்கவே மாட்டேங்குறான்," என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினார். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகிறார் என்று நம்பிக் கொடுத்தேன். அவர் பிள்ளையோடு மாடிக்கு ஏறினார். "இன்னும் ஒரு நாள்தானே. அக்கா அனுபவப்பட்டவங்க," என்றார். அவர்மேல் எனக்கிருந்த பாசமெல்லாம் அந்தப் படியிலேயே செத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு பூனை மாதிரி கத்தத் தொடங்கியிருந்தான். சாயந்திரம் கடை வியாபாரம் முடிந்துவிட்டதால் எனக்கும் கூடப் போக அனுமதி கிடைத்தது. நான் நடந்த இடமெல்லாம் மதினி மஞ்சள் தண்ணி தெளித்தாள். டாக்டரிடம் போனதும் வெற்றிலையில் காசை வைத்து நீட்டினாள்.

டாக்டர் பிள்ளையைப் பார்த்த உடனே எழுந்து நின்றுவிட்டார். "எத்தன நாளா இப்புடி இருக்கு?"

"ஒங்களுக்காகத்தான் டாக்டர் காத்துக்கிட்டு இருந்தோம்," என்று மதினி பெருமையாகச் சொன்னாள்.

அவர் காசைத் தொடவில்லை. பிள்ளையையும் தொடவில்லை. "எனக்கு எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க? ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க," என்று சொல்லிக்கொண்டே வார்டுக்கு ஃபோன் போட்டார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் மாற்றினார்கள், நீல வெளிச்சத்தின் கீழே போட்டு வைத்தார்கள். உயிர் தப்பியது. இரண்டு காதும் போய்விட்டன.

மகனுக்கு இப்போது மூன்று வயது. மஞ்சள் இறங்கியதும் என் நிறத்துக்கே வந்துவிட்டான். காது கிளினிக்குக்குப் பதுளைதான் வசதி என்று நான் இன்னும் அந்த வீட்டில்தான் கிடக்கிறேன். போன வாரம் மொனராகலையிலிருந்து வந்த சொந்தக்காரி ஒருத்தி, பிள்ளைக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்டாள். மதினி பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் அந்த டாக்டர் தொடாததுனாலதான். அவரு கை மட்டும் பட்டிருந்தா இப்புடி ஆயிருக்குமா?"

மகன் அவள் காலடியில் உட்கார்ந்து, எவர்சில்வர் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து சிமெந்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டு விழும்போதும் நாங்கள் மூன்று பேரும் திடுக்கிட்டோம். அவன் அடுத்த தட்டை எடுத்தான்.